இங்கே அண்ணன் தங்கை இருக்கிறார்கள்

வாவாவுத் தீவு
ஜூன் 11, செவ்வாய்க்கிழமை

என் மகள் லாவினியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை பெனியும் என் பேரன் மோசேயும் ஆக்லாந்துக் குளிரில் மூக்கு ஒழுகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனிமேல் எழுதப்போவதில் சுகம் ஒன்றும் இல்லை. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனைத்தான் நீ பாதியில் வைத்துவிட்டாயே. அதுவும் இல்லாமல் இந்த வீட்டில் போனை எடுத்தால் சமையல் கொட்டகையில் மேய்கிற கோழிக்குக்கூடக் காது முளைத்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வாத்தியார் மற்ற பிள்ளைகளிடம் இப்படி எழுதுங்கள் என்று என் பலகையைத் தூக்கிக் காட்டினார், இதை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், நூற்றியோராவது தடவையும் சொல்கிறேன். பாடகர் குழுவோடு ஆக்லாந்து வருகிற ஒருத்தி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை மரப்பட்டைத் துணி ஒட்டுகிற கிழங்குப் பசையால் ஒட்டியிருக்கிறேன், வழியில் யாராவது பிரித்திருந்தால் உனக்குத் தெரிந்துவிடும்.

உன் அண்ணன் இசிலேலியின் மகள் சேய்னிக்கு அடுத்த மாதம் ஆறாம் தேதி கல்யாணம். அதற்காக நாங்கள் பெண்கள் பதினோரு பேர் சர்ச் கூடத்தில் உட்கார்ந்து பட்டைத் துணி ஒட்டி, தேய்த்து, சாயம் பூசிக்கொண்டிருக்கிறோம், என் முழங்கால் இரண்டும் பழுப்பாகிவிட்டன, சோப்புப் போட்டாலும் போகவில்லை. பெரிய பன்றி இரண்டையும் கட்டி வைத்துத் தீனி போடுகிறோம். கூரையில் கிழக்குப் பக்கத் தகரத்தை இசிலேலி மாற்றிவிட்டான். எல்லாம் நடக்கிறது, நடக்க வேண்டியது ஒன்றைத் தவிர. கல்யாணத்தில் மேல் பாய் உன்னுடையது, நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும், அப்பாவின் தங்கைதான் பிள்ளைகளுக்கு எல்லோருக்கும் மேலே, பெற்றவனே உன் எதிரில் குனிந்துதான் போக வேண்டும், கேக்கில் மேல் தட்டு உனக்கு, துணியில் நீளமானது உனக்கு. அத்தை உட்காராத கல்யாணத்தைக் கல்யாணம் என்று இந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். இன்றைய தேதிக்கு அந்தப் பாயில் உனக்கு இடம் இல்லை லாவினியா. அதற்குக் காரணம் எழுத்தாளர்களுக்கு யோசனை சொல்கிறேன் என்று நீ கம்ப்யூட்டரில் நடத்துகிறாயே ஒரு பக்கம், அதில் வந்த ஏழாம் பாடம்.

அன்று நடந்ததைப் போனில் நீ முழுசாகக் கேட்கவில்லை, இப்போது கேள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள், தேதி குறிப்பதற்கு. மண் அடுப்பைத் திறந்து, சேம்பு இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டின டின் மாட்டிறைச்சியை எடுத்து எல்லோருக்கும் வைத்தாயிற்று. உன் அண்ணன் வாசல் ஓரமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அண்ணி கலோ பரிமாறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே "எங்க பையனோட அத்தை சிட்னியில பெரிய நர்ஸு, ஒரு வார்டே அவ கையில, உங்க பக்கத்து அத்தை யாரு, என்ன பண்றாங்க" என்று கேட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்க அத்தை எழுதறா, நாப்பதாயிரம் பேரு படிக்கறாங்க, எழுதறவங்களுக்கே அவதான் பாடம் சொல்லித் தரா" என்றேன். "அப்படியா, என்னதான் எழுதறாங்க" என்றாள் அவள், நாற்பதாயிரத்தை நம்பாதவள் மாதிரி. கலோவின் சித்தி மகள் மாஃபி, இங்கிலீஷ் டீச்சர், பக்கத்தில் இருந்தாள். "எடுடி உன் போனை, படிச்சு நம்ம பாஷையில சொல்லு, இவங்க கேக்கட்டும்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

மாஃபி போனைத் தட்டினதும் மேலாக வந்தது ஏழாம் பாடம். அதன் தலைப்பை அவள் நம் பாஷையில் சொன்னாள், "எந்தப் பக்கத்தை உங்க அம்மா படிக்கக் கூடாதுன்னு நெனைக்கறீங்களோ, அதை மொதல்ல வெளியிடுங்க". எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எனக்குப் பெருமை வேறு, "என்னைத்தான் சொல்றா பாரு, அதையே படி" என்றேன். மாஃபி ஒரு வரி இங்கிலீஷில் பார்ப்பதும் அதைத் திருப்பிச் சொல்வதும் அடுத்த வரிக்குப் போவதுமாக இருந்தாள், அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. இதோ உதாரணத்துக்கு என் வாழ்க்கையிலிருந்தே ஒன்று என்றாள். பத்தொன்பது வயது என்றாள். படகுத்துறைக்குப் பின்னால் உள்ள மணல் என்றாள். ஒரு பையன் என்றாள். முதல் பொத்தான் என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், நான் மாப்பிள்ளையின் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பொத்தான் என்று சொன்னவள் மூன்றாவதுக்கு வந்தபோது குரல் தேய்ந்து நின்றுவிட்டாள், போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். உன் பெரியப்பா தொமாசிக்குத்தான் காது மந்தமாயிற்றே, அவர் கையைக் காதோரம் குவித்துக்கொண்டு "ஏம்மா நிறுத்திட்ட, அப்புறம் என்ன ஆச்சு அந்தப் பொண்ணுக்கு" என்று கத்திக் கேட்டார். இசிலேலி தட்டைத் தரையில் வைத்தான், பாதி சாப்பாடு அப்படியே இருந்தது, யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து சமையல் கொட்டகைப் பக்கமாக இறங்கிப் போய்விட்டான். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டு "நல்லாத்தான் எழுதறாங்க" என்றாள். தூ.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, அவனுக்குப் பன்னிரண்டு வயதான அன்றைக்கே அவன் படுக்கையைச் சுருட்டிப் பின்னால் இருக்கிற சின்னக் குடிசைக்குக் கொண்டுபோனவள் நான், அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே தூங்கினதில்லை, ஒரு சினிமாவை ஒன்றாகப் பார்த்ததில்லை, உன் துணி கொடியில் காய்ந்தால் அவன் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வருவான். அந்த அண்ணன் காதில் உன் பொத்தான்கள் விழுந்தன, அதுவும் சம்பந்தி வீட்டார் எதிரில். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக சர்ச்சில் தன் பிரசங்க முறையை அவன் வேறொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். ராத்திரி ஆண்கள் கூடிக் கவா வேர்ச்சாறு குடிக்கிற இடத்துக்குப் போவதில்லை, அங்கே எவனாவது பொத்தான் என்று சொல்லிச் சிரித்துவிடுவான் என்ற பயம். என்னிடம் நேரே ஒன்றும் பேசவில்லை, கலோவை அனுப்பிச் சொன்னான், மேல் பாயில் பெரியப்பா மகள் அகனேசி உட்காரட்டும் என்று. அகனேசிக்கு வந்த மிதப்பைப் பார்க்க வேண்டுமே. மறுநாளே விசேஷத்துக்கு இடுப்பில் கட்டுகிற தன்னுடைய நல்ல பாயை வெயிலில் காயப்போட்டுவிட்டாள், தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. இங்கே வந்து என்னைக் கேட்கிறாள், "சித்தி, நான் எத்தனை மணிக்கு வந்து உக்காரணும், கேக் எத்தனை தட்டு, நான் கூடை கொண்டு வரணுமா". வந்த கோபத்துக்குச் சாயச் சட்டியை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன், சாயம் வீணாகுமே என்று விட்டேன்.

பிறகு ஒரு நாள் மாஃபியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உன் பாடங்கள் பன்னிரண்டையும் படிக்கச் சொன்னேன். அவள் வேண்டாம் என்று அழுதாள், நான் விடவில்லை. படித்து முடிக்கிறபோது எனக்கு வாயெல்லாம் கசந்து போயிருந்தது, எழுந்து போய்க் கொப்பளித்தேன். அந்தப் பக்கத்தின் தலையில் ஒரு படம் போட்டிருக்கிறாயாமே, தேங்காய் ஓட்டை மார்பில் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டுகிற ஒருத்தி, அவள் யார், நம் ஊரில் எவள் அப்படி நின்றிருக்கிறாள், உன் பாட்டி நின்றாளா, நான் நின்றேனா. மாஃபி சொல்கிறாள், இலவசமாகப் படம் கிடைக்கிற இடம் என்று நீயே ஒரு பட்டியல் போட்டு அதிலிருந்து எடுத்ததாம். இலவசம் என்றால் எதை வேண்டுமானாலும் தலையில் வைத்துக்கொள்வாயா. தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுதுங்கள், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுதுங்கள் என்கிறாய். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் போய் விறகு பொறுக்கலாமே. தலைப்பில் ஒரு எண்ணைப் போடுங்கள், ஏழு வழிகள், ஒன்பது ரகசியங்கள் என்று போட்டால் கூட்டம் வரும் என்கிறாய், மீன் சந்தையில்கூட இப்படிக் கூவ மாட்டார்கள், அங்கே மீனாவது இருக்கும். இரங்கல் எழுத நேரமில்லாதவர்களுக்கு அதை எழுதிக் கொடுக்கிற ஒரு மெஷின் இருக்கிறது என்று அதற்கு வழி வேறு காட்டியிருக்கிறாய். செத்தவனுக்காக அழ ஒரு மெஷின். அதைக் கேட்டபோது மாஃபியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

பெயரை மாற்றிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது என்று ஐந்தாம் பாடத்தில் எழுதியிருக்கிறாய். நம் ஊரில் நாற்பது வீடு லாவினியா. படகுத்துறைப் பையன், இடது கையில் ஆறு விரல் என்று எழுதிவிட்டுப் பெயரை மாற்றினால் யாருக்கு மறைத்தாய்? அந்த ஆறு விரல்காரன் இப்போது நாலு பிள்ளைக்கு அப்பன், அன்றிலிருந்து கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் கடைக்கு வருகிறான். அவன் பெண்டாட்டி என்னைக் கண்டால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறாள். எல்லாவற்றையும் விட எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது கடைசியில் நீ போட்டிருக்கிற பட்டியல்தான், எழுதுகிறவர்களுக்கு உதவுகிறவை என்று. முதலில் அகராதி, சரி. பிறகு எழுத்துப்பிழை பார்க்கிறது, சரி. பிறகு போட்டிகள், படங்கள். ஆறாவதாக உங்கள் குடும்பம் என்று போட்டு, பக்கத்தில் எடுக்க எடுக்கக் குறையாதது, அனுமதி கேட்கத் தேவையில்லாதது என்று எழுதியிருக்கிறாய். மாஃபி இதைச் சரியாகத்தான் சொல்கிறாளா என்று மூன்று முறை கேட்டேன். நாங்கள் என்ன கடலா, வலை போட்டு அள்ளிக்கொண்டு போக. கடலில்கூட நாள் கிழமை பார்த்துத்தான் இறங்குகிறோம். அதற்குக் கீழே முகம் தெரியாதவர்கள் எல்லாம் என்ன தைரியம், என்ன தைரியம் என்று எழுதிச் சிவப்புச் சிவப்பாக இதயம் போட்டிருக்கிறார்களாம். தைரியமாம். ஆக்லாந்தில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினவளுக்கு என்ன தைரியம், தட்டை வைத்துவிட்டு எழுந்து போனானே, அவன் மறுநாள் காலையில் அதே தெருவில் நடந்து தோட்டத்துக்குப் போனான்.

நாலாம் பாடத்தில், மூக்கால் எழுதுங்கள் என்கிற இடத்தில், உன் அப்பாவின் காலைப் பற்றி எழுதியிருக்கிறாய். சர்க்கரை வியாதியில் விரல் விரலாகப் போன அந்தக் காலின் வாடையை, கட்டுப் பிரிக்கிறபோது நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பாட்டுப் பாடினதை. நீ விடுப்பில் வந்து ஒன்பது நாள் இருந்தாய், நான் எட்டு மாதம் கழுவினேன். அந்த இடத்தை மாஃபியிடம் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நீ நினைப்பாய், அம்மாவுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்று. முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் வானொலிக்குப் போகிற அறிவிப்பு எல்லாம் யார் எழுதுகிறது? இன்னார் காலமானார், கப்பல் வியாழக்கிழமை வரும், இன்னாரின் பிள்ளை பாஸாகிவிட்டான், எல்லாம் இந்தக் கைதான். நாற்பதாயிரம் பேர் உனக்கு, எனக்குத் தீவு தீவாக மொத்த ராஜ்யமும். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் நான் எழுதினதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனதில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஊர்ப் பெயரை முதலில் எழுதுவேன், ஆள் பெயரைப் பிறகு, ஏனென்றால் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அந்த ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள், ஆள் பெயரைத் தவற விட மாட்டார்கள். என்ன வியாதி என்று எழுத மாட்டேன். பாவம், ஐயோ, தாங்க முடியாத என்றெல்லாம் எழுத மாட்டேன், அதை வாசிக்கிறவர் குரலில் தானாக வரும், வராவிட்டால் எழுதியும் பிரயோசனமில்லை. எழுதினதைச் சமையல் கொட்டகையில் நின்று ஒரு தடவை உரக்கப் படிப்பேன், மூச்சு வாங்குகிற இடத்தில் வெட்டுவேன். முதலில் யார் காதில் விழ வேண்டுமோ அவர்கள் வீட்டுக்கு நடந்து போய் என் வாயால் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தைத் தபால் ஆபீசுக்குக் கொடுப்பேன், தங்கைக்கு வானொலி சொல்லி அண்ணன் செத்தது தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் அண்ணனும் தங்கையும் ஒரே பெட்டியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை. இதற்குப் பாடம் ஒன்று, பாடம் இரண்டு என்று எண் போடவில்லை, நாலு பேர் இருக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியும்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் அன்றைக்குக் கோட்டைவிட்டேன். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். போனில் நான் கத்தினபோது நீ சொன்னாயே, "இங்கிலீஷ்ல, முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்கு எழுதினேன்மா, அதை நம்ம பாஷையில மாத்தி அண்ணன் எதிர்ல படிக்கச் சொன்னது யாரு" என்று, அப்படிச் சொல்லிவிட்டு வைத்தாய். திமிர் என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டைத் துணியைத் தேய்த்துக்கொண்டே ஒன்பது நாள் அந்தக் கேள்வியை மென்றேன், விழுங்க முடியவில்லை. நம்மில் நாலு பேர் கூடின இடத்தில் பேச்சு கொஞ்சம் வழுக்கினால் யாராவது ஒருவர் "அண்ணன் தங்கச்சி இருக்காங்க" என்று சொல்லுவார், அதோடு பேச்சு மழைக்கும் கிழங்குக்கும் திரும்பிவிடும். குடித்தவன்கூட அதற்கு வாயை மூடுவான். அன்றைக்கு அத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அண்ணன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், தங்கையைத்தான் காணோம், தங்கை ஆக்லாந்தில் இருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். நீ ஆக்லாந்தில் இல்லையடி. மாஃபி வாயைத் திறந்ததும் நீ வந்து வீட்டு நடுவில் நின்றுவிட்டாய், உன்னை உள்ளே கூட்டி வந்தவள் நான். அண்ணனும் தங்கையும் அங்கே இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான், சொல்ல வேண்டியவள் நான்தான், நான் சம்பந்தியின் முகம் கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் எழுத்து எனக்கு அருவருப்பு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு அதைவிட அருவருப்பாக இருக்கிறது.

நேற்று இசிலேலியின் தோட்டத்துக்குப் போனேன். அவன் நீளக் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தான், ஒன்று உடைந்தாலும் முகம் வாடிவிடும் அவனுக்கு, கையாலேயே மண்ணைப் பறிக்கிறான். சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் பக்கம் பார்க்காமல் கிழங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "அன்னிக்கு வீட்டுல உன் தங்கச்சி இருந்தா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சொல்ல வேண்டியவ நான், சொல்லல. தப்பு அவ கையிலயும் இல்ல, மாஃபி வாயிலயும் இல்ல". அவன் மூன்று குழி தோண்டி முடித்தான், முதல் கிழங்குகளை மேட்டுக்குடித் தலைவருக்குத் தனியாகவும் சர்ச்சுக்குத் தனியாகவும் அடுக்கினான். அப்போதுதான் பார்த்தேன், தோட்டத்தின் வட ஓரத்தில், கறுப்பு மண் இருக்கிறதே அங்கே, ஒரு வரிசை முழுக்கத் தோண்டாமல் நிற்கிறது. கொடி காய்ந்து சுருண்டுவிட்டது, ஆனால் களை ஒன்றுகூட இல்லை, பிடுங்கிப் பிடுங்கிச் சுத்தமாக வைத்திருக்கிறான். வருஷா வருஷம் அந்த வரிசைதான் பெட்டியில் அடைத்து உனக்கு வரும், உனக்குத் தெரியாமல் இருக்கலாம், கிழங்கு வந்ததும் வேகவைத்துத் தின்கிறவளுக்கு அது எந்த மண் என்று எப்படித் தெரியும். நான் வேண்டுமென்றே கேட்டேன், "இதை ஏன்டா விட்டு வெச்சிருக்க, பாயில உக்காரப் போற அகனேசிக்கா". அவன் நிமிர்ந்து பார்த்தான், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி. "அகனேசிக்கு நான் எதுக்கும்மா தோண்டணும், அவளுக்கு அவ கூடப்பொறந்தவன் இருக்கான்" என்றான். பிறகு குனிந்துகொண்டு, மண்ணைப் பார்த்துச் சொன்னான், "இது இன்னும் மூணு, மூணரை வாரம் மண்ணுல தாங்கும். அதுக்கு மேல முளை விட்டுரும்". மூன்றரை வாரத்தில் என்ன தேதி வருகிறது என்று நீயே எண்ணிப் பார்த்துக்கொள், எனக்கு விரல் விட்டு எண்ணத் தெரியும், எண்ணிவிட்டேன்.

அதனால் இதைக் கவனமாகக் கேள். அவனுக்கு எழுதாதே, அவனுக்குப் போன் செய்யாதே, மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் காதில் போடாதே, போட்டால் அவன் அந்தப் பொத்தான்களை மறுபடியும் நினைக்க வேண்டி வரும். கலோவுக்குப் போன் செய், துணியைப் பற்றிப் பேசு, கேக்கைப் பற்றிப் பேசு, நான் எந்தக் கப்பலில் எந்த விமானத்தில் வருகிறேன் என்று சொல், வருவதா வேண்டாமா என்று கேட்காதே. பாய் உன்னுடையது, உன்னுடையதற்கு யாரைக் கேட்க வேண்டும். அகனேசியை நான் பார்த்துக்கொள்கிறேன், அவளைக் கூடை தூக்க வைக்கிறேன், அதுவும் ஒரு கௌரவம்தான் என்று சொல்லிவிடலாம். உன் பக்கத்தை அழித்துவிடு என்று முதலில் எழுத நினைத்தேன். மாஃபி சொல்கிறாள், அழித்தாலும் அது வேறு எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்குமாம், சாயம் மாதிரி. போகட்டும். பட்டியலில் ஆறாவதாக எங்களைப் போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு, அது மட்டும் இன்றைக்கே. ஆறு விரலை ஐந்து விரலாக்கு, அவன் கையை வெளியே எடுக்கட்டும். பிறகு தேங்காய் ஓட்டுக்காரியை இறக்கிவிட்டு அந்த இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், இங்கிலீஷிலும் நம் பாஷையிலும் ஒரே ஒரு வரி எழுது, இங்கே அண்ணன் தங்கை இருக்கிறார்கள் என்று. அதைப் படிக்கிற நம் ஆள் எவனாக இருந்தாலும், சிட்னியில் இருந்தாலும் எங்கே இருந்தாலும், ஒரு நிமிஷம் தலையைத் தூக்கி வீட்டில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பான். மற்றவர்கள் இது என்ன என்று கேட்டால் பதிமூன்றாம் பாடமாக வைத்துக்கொள், சொல்லிக் கொடுத்தது யார் என்று பெயர் போட வேண்டாம், போட்டால் சரியான எழுத்தில் போடு.

மோசேயின் இருமலுக்கு அந்த நீலப்பாட்டில் மருந்தையே கொடுத்துக்கொண்டிருக்காதே, எண்ணெய் தேய்த்து வெயிலில் விடு, வெயில் இருந்தால். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல், உன் பக்கத்தை அவர் படிக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கர்த்தர் உன் வாசலையும் உன் பிள்ளையின் தூக்கத்தையும் காக்கட்டும், உன் கைக்குக் கூர்மையைக் கொடுத்தவர் அது யார் மேல் படுகிறது என்று பார்க்கிற கண்ணையும் கொடுக்கட்டும். அப்பாவின் சாவுக்கு இடுப்பில் கட்டின கிழிந்த பாயைக் கட்டிக்கொண்டு வந்துவிடாதே, கல்யாணத்துக்கு என் மெல்லிய பாய் இருக்கிறது, அதைக் கட்டிக்கொள், வெயிலில் காயப்போட்டிருக்கிறேன், தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி, முக்கியமாக அகனேசிக்கு. கிழங்கு முளை விடுவதற்குள் வந்து சேர்.

உன்னைப் பெற்றவள்,
லோசலின்